இலை அரசுடையது, பூ திருடனுடையது

(நீண்ட பதிவு. பொறுமை உடையோர் படிக்க.)

சென்ற வாரம் எங்கள் விடுதி உணவுக்கூடத்தில் ஒரு விவாதம் மூண்டது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கி அதன்மேல் வரி விதித்தால் மாநிலங்களின் நிதிப் பற்றாக்குறையில் ஒரு பகுதியையேனும் அடைக்கலாம் என்றார் பொருளியல் துறை நண்பர். மெய்யியல் துறை நண்பர் உடனே மறுத்தார். ஒருவன் தன் உடலுக்குள் எதைச் செலுத்திக்கொள்கிறான் என்பதில் தலையிட அரசுக்கு உரிமை இல்லையென்றால், அதிலிருந்து காசு பார்க்கவும் உரிமை இல்லை. விடுவதானால் முழுவதுமாக விட்டுவிட வேண்டும் என்பது அவர் வாதம். இருவரும் என்னைப் பார்த்தார்கள். மொழியியல் படிப்பவனுக்கு இதில் என்ன கருத்து இருக்க முடியும் என்று சொல்லி நழுவிவிட்டேன்.

அது உண்மையன்று. இந்தக் கேள்வியில் எனக்கு இரண்டு கடன்கள் உண்டு. ஒன்று நான் ஆய்வு செய்யும் காசியில். மற்றொன்று சேலம் மாவட்டத்தில், என் வீட்டில். இரண்டும் எனக்கு நேர் எதிரான பாடங்களைச் சொல்லித் தந்தன. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

காசியின் படகோட்டிகள் பேசும் போஜ்புரி வழக்கு என் ஆய்வுப் பொருள். மூன்று ஆண்டுகளாக எனக்குச் சொல் தந்துவருபவர் ஒரு முதிய படகோட்டி. நான் அவரைச் சாச்சா என்று அழைப்பேன். அவர் என்னைப் பேட்டா என்பார். மாலையில் படகைக் கட்டிவிட்டு, சந்துக்குள் இருக்கும் பாங் கடைக்குப் போய், அரைத்து உருட்டிய பச்சை உருண்டை ஒன்றை வாங்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். பிறகுதான் ஒலிப்பதிவுக்கு அமர்வார். கடையின் பெயர்ப்பலகையில், அரசு உரிமம் பெற்றது என்று எழுதியிருக்கும். உத்தரப் பிரதேசத்தில் மதுக்கடைகளுக்கு உரிமம் வழங்கும் ஆயத்தீர்வைத் துறையே பாங் கடைகளுக்கும் உரிமம் வழங்குகிறது. குலுக்கலில் கடை எடுத்தவர் கட்டணம் கட்டுகிறார், அரசு வாங்கிக்கொள்கிறது, சாச்சா உறங்கப் போகிறார். இதில் யாருக்கும் அச்சம் இல்லை.

ஒரே செடிதான். இலையை அரைத்தால் பாங். பூத்த நுனியை உலர்த்தினால் கஞ்சா. பிசினைத் திரட்டினால் சரஸ். நாட்டு வழக்கில் இவை ஒரு குடும்பத்தின் மூன்று பெயர்கள். சட்டத்தில் அப்படியன்று. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்ற சொல்லுக்கு வரையறை தருகிறது: அச்செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகள், நுனிகளோடு சேராத நிலையில் விதைகளும் இலைகளும் இதில் அடங்கா. 1961இல் ஐக்கிய நாடுகள் அவையின் ஒற்றைப் போதைப்பொருள் உடன்படிக்கை செய்த பிரிவினை இது. மருத்துவம் சாராத கஞ்சாப் பயன்பாட்டை நிறுத்த அவ்வுடன்படிக்கை இருபத்தைந்து ஆண்டு அவகாசம் தந்தது. அந்த அவகாசம் முடியுமுன் நம் சட்டம் வந்தது. பூ குற்றமாயிற்று, இலை மாநில அரசுகளின் கையில் தங்கிவிட்டது.

இதை நான் ஆய்வுக்காகப் படிக்கவில்லை. சாச்சா கேட்டதால் படித்தேன்.

அவருடைய தங்கை மகன் மின்ரிக்‌ஷா ஓட்டுபவன். இருபத்திரண்டு வயது. ஒருநாள் ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு பையை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக ஒப்புக்கொண்டான். பையில் இருப்பது என்னவென்று அறியாதவன் என்று நான் சொல்லமாட்டேன், அறிந்தே எடுத்தான். வழியில் பிடிபட்டான். தராசில் ஒரு கிலோ நூற்றெண்பது கிராம். 2001ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி கஞ்சாவுக்குச் சிறு அளவு என்பது ஒரு கிலோ வரை. அதற்குள் இருந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைத் தாண்டினால், இருபது கிலோ என்ற வணிக அளவை எட்டாவிட்டாலும், பத்தாண்டு வரை சிறை விதிக்கலாம். அந்த நூற்றெண்பது கிராமில் ஓராண்டுக்கும் பத்தாண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு இருந்தது.

குற்றப்பத்திரிகையை என்னிடம் நீட்டிச் சாச்சா சொன்னார்: "நீ சொல்லைப் படிக்க வந்தவன்தானே பேட்டா. இந்தச் சொல்லைப் படித்துச் சொல்."

படித்தேன். பையில் இருந்தது பூவும் இலையும் காம்பும் விதையும் கலந்த பொதி. இலையையும் காம்பையும் பிரித்து நிறுத்திருந்தால் மிச்சம் ஒரு கிலோவுக்குள் வந்திருக்கக்கூடும். ஆனால் வரையறையில் ஒரு நிபந்தனைத் தொடர் இருக்கிறது. நுனிகளோடு சேராத நிலையில் மட்டுமே இலை விலக்குப் பெறுகிறது, சேர்ந்துவிட்டால்? பூவோடு கிடக்கும் இலை, கஞ்சா ஆகிவிடுமா, அல்லது பூவின் அருகில் கிடக்கும் இலையாகவே இருக்குமா? பெயரெச்சத் தொடர் ஒன்று எந்தப் பெயரைத் தழுவுகிறது என்று மாணவர்களுக்கு நான் பயிற்சி கொடுப்பதுண்டு. அந்தப் பயிற்சியில் தவறினால் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். இங்கே ஓர் இளைஞன் சிறையில் இருந்தான். இரண்டு பக்கம் எழுதி வழக்குரைஞரிடம் கொடுத்தேன். ஆய்வக அறிக்கை கஞ்சா என்கிறது, எடை மொத்தமாகத்தான் பதிவாகியிருக்கிறது, விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பிணை கிடைக்க நான்கு மாதங்கள் ஆயின. வழக்கு இன்னும் நடக்கிறது.

அன்றைக்குச் சாச்சா சொன்ன ஒரு வாக்கியத்தை என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இலை சர்க்காருடையது, பூ திருடனுடையது."

காசி எனக்குக் கற்றுத்தந்த பாடம் இதுவே. வரி என்பது பணம் பறிப்பது மட்டுமன்று; ஓர் ஏற்பும் ஆகும். இலைக்கு வரி இருப்பதால் இலை உண்பவர் குடிமகன். பூவுக்கு வரி இல்லாததால் பூ வைத்திருப்பவன் குற்றவாளி. அன்று இரவு யாராவது என்னைக் கேட்டிருந்தால், பொருளியல் நண்பரின் பக்கம் நின்றிருப்பேன். பூவுக்கும் வரி விதியுங்கள், அந்தப் பிள்ளையை விடுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

இந்த எண்ணம் புதிதன்று. 1893இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வியையொட்டி இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணையம் அமைக்கப்பட்டது. ஏழு உறுப்பினர், அவர்களுள் மூவர் இந்தியர். 1,193 சாட்சிகளை விசாரித்து 1894இல் பல தொகுதிகளாக அறிக்கை தந்தார்கள். எனக்கு அதில் வியப்பளித்தது மனநல விடுதிப் பதிவேடுகளை அவர்கள் படித்த முறை. கஞ்சாவால் பித்துப் பிடித்தவர்கள் என்று பதிவேடுகளில் பலர் இருந்தனர். ஆணையத்தார் 1892ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டவர்களின் வரலாற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப விசாரித்தபோது, காரணம் என்ற கட்டத்தில் பலவேளைகளில் போதிய விசாரணை இன்றியே கஞ்சா என்று நிரப்பப்பட்டிருந்தது தெரியவந்தது. காரணம் தெரியாத இடத்தில் ஒரு பெயரை எழுதிவிட்டார்கள். எழுதிய பெயர் காரணமாகிவிட்டது. தரவோடு வேலை செய்யும் எவரும் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும்.

மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை. மிகைப் பயன்பாடு தீங்கானது. முழுத் தடை தேவையுமில்லை, பொருந்துவதுமில்லை என்பது அவர்கள் முடிவு. தடை செய்தால் மக்கள் இதைவிடக் கொடிய போதைக்குத் திரும்பக்கூடும் என்றும் அஞ்சினார்கள். ஆகவே பரிந்துரைத்தது வரி, உரிமம், கடைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு, ஒருவர் கையில் வைத்திருக்கும் அளவுக்கு வரம்பு. நூற்றிமுப்பது ஆண்டுகளுக்குப் பிறகு கனடாவிலும் கலிபோர்னியாவிலும் பேசப்படுவதன் எலும்புக்கூடு அதில் ஏற்கெனவே இருக்கிறது.

ஆனால் அந்த நடுநிலையான அறிக்கையைப் பெற்ற அரசு எத்தகையது என்பதையும் மறக்கக்கூடாது. காசியிலிருந்து கிழக்கே சில மணிநேரப் பயணத்தில் காஜிப்பூர். அங்குள்ள அபினித் தொழிற்சாலை 1820இல் தொடங்கியது. இன்றும் மருந்துக்காக இயங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்கைச் சமவெளி உழவர்கள் பயிரிட்ட அபினியைச் சீனாவுக்கு அனுப்பிக் கிடைத்த பணம், ஆட்சியாளர்களுக்கு நிலவரிக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணத்தக்க வருவாய். தனிமனிதச் சுதந்திரத்தைப் பற்றி 1859இல் நூல் எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில், அதற்கு முன் முப்பத்தைந்து ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்தவர். நம் உணவுக்கூட விவாதத்தின் இரு பக்கங்களும் அந்நூலில் உள்ளன. குடியைக் குறைப்பதற்காக வரி விதிப்பது, தடையிலிருந்து அளவில் மட்டுமே வேறுபட்டது என்கிறார் மில். அடுத்து, அரசுக்கு எப்படியும் வரி வேண்டும், ஆகவே மக்கள் இல்லாமலும் வாழக்கூடிய பொருள்மேல் விதிப்பதே நலம், வருவாய் உச்சம் எட்டும் அளவுவரை விதிக்கலாம் என்றும் சொல்கிறார். சீனாவுக்குள் அபினி இறக்குமதியைத் தடுப்பதை, வாங்குவோரின் சுதந்திரத்தில் குறுக்கிடுவதற்கு எடுத்துக்காட்டாகவும் காட்டுகிறார். அவர் நேர்மையை நான் ஐயுறவில்லை. ஆனால் விற்பவனிடம் சம்பளம் வாங்கியவர், வாங்குபவனின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போது, வாசிப்பவன் சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது.

இனி என் இரண்டாவது கடன்.

என் அப்பா விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்தார். குடித்தார். வார இறுதியில் அல்ல, நாள்தோறும். அம்மா நாட்காட்டித் தாளின் மூலையில் அன்று கைக்கு வந்த கூலியை எழுதி வைப்பார். எழுதாத நாட்களும் உண்டு. நான் முதுகலை இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, நாற்பத்தொன்பது வயதில், கல்லீரல் கெட்டு அப்பா இறந்தார். என் படிப்பு மாநில அரசின் உதவித்தொகையால் நடந்தது.

ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பா நாளொன்றுக்கு வாங்கிய குவார்ட்டர் பாட்டிலின் விலையில் பெரும்பகுதி ஆயத்தீர்வையும் விற்பனை வரியும். ஓராண்டில் அவர் அரசுக்குச் செலுத்திய வரி, எனக்கு ஓராண்டில் வந்த உதவித்தொகையைவிட அதிகம். அந்தப் பணத்தை எனக்கு அரசு கொடுத்ததா, அப்பா கொடுத்தாரா? ஊரில் இருந்தபோது அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "உங்கப்பா கையில குடுத்திருந்தா ஆள் இருந்திருப்பாரேப்பா" என்றார்.

தமிழ்நாட்டில் இதைக் கவனிக்கும் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. விலக்குவதும் ஈட்டுவதும் ஒரே பெயர்ப்பலகையில். சிரிப்பதற்கு முன் அரசமைப்பைத் திறந்து பாருங்கள். 47ஆம் உறுப்பு, நலத்துக்குக் கேடான மதுவையும் போதைப் பொருள்களையும் மருத்துவப் பயன் தவிர்த்து விலக்க அரசு முயல வேண்டும் என்கிறது. ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 51ஆம் பதிவு, மதுவுக்கும் அபினிக்கும் இந்தியச் சணலுக்கும் தீர்வை விதிக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளிக்கிறது. சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோதும், மாநிலங்கள் தம் கையைவிட்டுப் போகாமல் காத்துக்கொண்ட பெரிய வரிகளுள் ஒன்று மதுவின்மேல் உள்ளது. ஆண்டுக்கு நாற்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வரும் ஒன்றை எந்த நிதியமைச்சரால் எளிதில் விட முடியும்?

ஒருமுறை விட்டுப்பார்த்தார்கள் என்பதும் எங்கள் மாவட்டத்து வரலாறு. 1937 அக்டோபரில் இராஜாஜி அரசு மதுவிலக்கைத் தொடங்கியது சேலத்தில். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது. பின்னர் மீண்டும் வந்து மீண்டும் தளர்ந்தது. விற்பனை வரி மட்டும் ஒருநாளும் தளரவில்லை. குடிக்கு மாற்றாகப் பிறந்த வரியும் குடியின்மேல் விழும் வரியும் இன்று ஒரே புட்டியின்மேல் சேர்ந்து நிற்கின்றன.

சேலம் எனக்குக் கற்றுத்தந்த பாடம் இதுதான்: வரி அரசுக்குப் பசியைத் தருகிறது. மிக அதிகம் குடிப்பவர்களே மிக அதிகம் வரி செலுத்துபவர்கள். நிறுத்த முடியாதவனிடம் விலையை உயர்த்தினால், அவன் நிறுத்தமாட்டான். வீட்டுக்குக் கொடுப்பதைக் குறைப்பான். வீட்டுக்கு வராத கூலியில் வரியின் பங்கு எவ்வளவு என்பதை எந்த வரவுசெலவு அறிக்கையும் சொல்வதில்லை.

அப்படியானால் மெய்யியல் நண்பர் சொல்வதுபோல் விட்டுவிடலாமா? இங்கே என் துறைக்குள் சற்று நுழைகிறேன். தமிழில் விடு என்பது விந்தையான வினை. விடுதலை அதிலிருந்து வருகிறது. கைவிடுதலும் அதிலிருந்தே வருகிறது. துணைவினையாக வரும்போது செயல் முற்றிற்று என்று காட்டும்: போய்விட்டான், செய்துவிட்டேன். விட்டுவிடு என்று சொல்லும்போது, விடுவதோடு நம் பொறுப்பும் முற்றிற்று என்கிறோம். ஒருவனைச் சிறையிலிருந்து விடுவது விடுதலை. ஒருவனைப் புட்டியோடு விட்டுவிட்டுப் போவது கைவிடல். அந்தச் சொல்லுக்குள் இந்த இரண்டும் அடங்கியிருப்பதை நண்பர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். படகோட்டியின் தங்கை மகனுக்கு முதலாவது வேண்டும். என் அப்பாவுக்கு நேர்ந்தது இரண்டாவது. அதுவும் வரி வாங்கிக்கொண்டே கைவிட்டது.

மேலும், வரியில்லாத சந்தை என்றால் யாரும் தலையிடாத சந்தை என்று பொருளல்ல. அங்கே விளம்பரம் தலையிடும். உற்பத்தியாளரின் ஆதாயம் தலையிடும். சிகரெட்டின் இருபதாம் நூற்றாண்டு வரலாறு இதற்குப் போதும். மறுபுறம், வரியை மிகையாக்கினால் கள்ளச் சந்தை அழியாது. கலிபோர்னியாவில் 2018இல் சட்டபூர்வ விற்பனை தொடங்கியபோது, பயிரிடுவோர்மேல் ஒரு வரி, விற்பனைமேல் ஒரு வரி, ஊராட்சிகளின் வரி வேறு. உரிமம் பெற்றவர் விலையில் கள்ளச் சந்தையோடு போட்டியிட முடியவில்லை; 2022இல் பயிர்வரியை நீக்கினார்கள். கனடா 2018 அக்டோபரில் சட்டபூர்வமாக்கியபோது, கிராமுக்கு ஒரு டாலர் அல்லது விலையில் பத்து விழுக்காடு, இவற்றுள் எது அதிகமோ அது என்று தீர்வை வைத்தது. பின்னர் உண்ணும் வகைகளுக்கு, அவற்றில் உள்ள போதைக்கூற்றின் மில்லிகிராம் கணக்கில் வரி விதித்தது. இந்த இரண்டாவது முறை எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே வரி, பொருளின் பெயரைப் பார்க்காமல் அதன் வீரியத்தைப் பார்க்கிறது. இலையா பூவா, சேர்ந்ததா சேராததா என்ற தகராறு அதில் எழாது.

ஆகவே என் விடை இது. பயன்படுத்துபவனை, சிறு அளவு வைத்திருப்பவனை, சிறையிலிருந்து விட வேண்டும். இதில் எனக்கு ஐயமே இல்லை. விற்பவன்மேல் வரி இருக்க வேண்டும். அது வீரியத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும். கள்ளச் சந்தையை ஒழிக்கும் அளவுக்குக் குறைவாகவும், மலிவு மறைந்துபோகும் அளவுக்கு அதிகமாகவும் இருக்க வேண்டும். அந்தப் பணம் பொதுக் கணக்கில் கரைந்துவிடக்கூடாது. முதலில் சிகிச்சைக்கும், குடித்தவரின் வீட்டுக்கும் போக வேண்டும். எவ்வளவு போயிற்று என்று ஆண்டுதோறும் அறிவிக்கவும் வேண்டும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பொருளியல் நண்பரே அதைச் சொன்னார்: சிகிச்சைக்குப் பணம் குடியிலிருந்து வந்தால், குடி குறையும்போது சிகிச்சையும் குறையும், மருத்துவமனையே புட்டியைச் சார்ந்து நிற்கும். உண்மை. இதற்கு என்னிடம் முழுமையான மறுமொழி இல்லை. ஆனால் இன்றும் அரசு புட்டியைச் சார்ந்துதான் நிற்கிறது. வெளியே தெரியாமல் நிற்கிறது. தெரிந்து நின்றால், என்றைக்கு அந்த வருவாய் குறைகிறதோ அன்றைக்கு அதை நட்டமாக அல்ல, வெற்றியாக அறிவிக்க ஓர் அமைச்சருக்கேனும் வழி இருக்கும்.

என் முனைவர் பட்ட உதவித்தொகை இப்போது வேறு இடத்திலிருந்து வருகிறது. ஆனால் இதுவரை எழுதிய ஒவ்வொரு தாளுக்கும் அடியில் அப்பாவின் பணம் இருக்கிறது. அதை இழிவாகவும் நினைக்க முடியவில்லை, நன்றியோடும் நினைக்க முடியவில்லை.

நேற்று மாலை சாச்சாவைப் பார்க்கப் போனேன். வழக்கு அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. பையன் மின்ரிக்‌ஷாவை விற்று வழக்குரைஞருக்குக் கொடுத்துவிட்டு, இப்போது மாமனின் படகில் துடுப்புப் போடுகிறான். ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். சாச்சா கடைக்குப் போய்த் தன் உருண்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு, எந்த அச்சமும் இல்லாமல் நடந்து வந்தார். பையன் தலையைத் திருப்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாறுபட்ட கருத்து உடையோர் தயங்காமல் எழுதுங்கள். குறிப்பாகச் சட்டம் படித்த நண்பர்கள்: அந்த நிபந்தனைத் தொடரை நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன். அதை ஒரு வழக்குரைஞரிடம் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.